அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங்: எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

பர்டியூ நல்லதா, இல்லினாய் நல்லதா? ஜார்ஜியா டெக் கிடைத்தால் மிச்சிகனை விட்டுவிடலாமா? அமெரிக்காவில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. இந்த வடிவத்தில் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒரே பல்கலைக்கழகம் ஒரு பிள்ளைக்கு அருமையான தேர்வாகவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வீண் செலவாகவும் இருக்கலாம், இரண்டு பேரும் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தாலும்கூட. எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள், எந்த மேஜர் (முதன்மைப் பாடப்பிரிவு) வேண்டும், அந்த மேஜருக்குள் எந்த வழியாக நுழைய வேண்டும், அதற்கு உங்கள் குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்டும், இவ்வளவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பெயரை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் ஒரு பலனும் இல்லை.

முதலில், பப்ளிக் யூனிவர்சிட்டி என்றால் என்ன என்று சுருக்கமாக. மாநில அரசின் ஆதரவில் நடப்பவை இவை. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகளைத் தொடங்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. பர்டியூ, இல்லினாய், டெக்சஸ் ஏ அண்ட் எம், வர்ஜீனியா டெக், பென் ஸ்டேட் எல்லாம் அந்த வழியில் வளர்ந்தவை. அதனால்தான் இந்த நாட்டில் இன்ஜினியரிங் என்று வந்தால் தனியார் பல்கலைக்கழகங்களுக்குச் சற்றும் குறையாமல் அரசுப் பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. மாநிலத்து மக்களின் வரிப்பணம் உள்ளே போவதால் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு இன்னொரு கட்டணம்.

இந்த இரண்டு கட்டணங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலிலேயே பாருங்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உள்மாநிலப் பிள்ளைக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சுமார் 6,400 டாலர். பர்டியூ 2012-13இலிருந்து அடிப்படைக் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருக்கிறது, இந்தியானாவில் வசிப்பவர்களுக்கு 10,000 டாலருக்குள், வெளிமாநிலத்தவருக்கு 30,000 டாலருக்குள். மிச்சிகனின் ஆன் ஆர்பர் வளாகத்தில் வெளிமாநிலப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே 55,000 டாலரைத் தாண்டும். கலிஃபோர்னியாவின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களில் வெளிமாநிலத்தவர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் இன்னும் 34,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டும். இவை எதிலும் தங்குமிடமும் சாப்பாடும் சேரவில்லை.

இதற்கு மேல் இன்ஜினியரிங்குக்கு என்று தனியாக ஒரு கூடுதல் கட்டணம் பல இடங்களில் உண்டு. பர்டியூ, இல்லினாய் இரண்டிலும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் கட்டணத்தை அப்படியே நம்பிவிடாமல் இன்ஜினியரிங் கல்லூரிக்கான கட்டணப் பட்டியலைத் தேடி எடுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து கட்டணம் உயரும் இடங்களும் இருக்கின்றன, மிச்சிகன் அப்படித்தான். யூசியில் நேர் எதிர்: 2022இலிருந்து சேரும் ஒவ்வொரு ஆண்டு மாணவர்களுக்கும் அவர்கள் சேர்ந்த ஆண்டின் கட்டணமே ஆறு ஆண்டு வரை நிலையாக இருக்கும். ஆக, நான்கு ஆண்டுக் கணக்கைப் போட வேண்டும், முதல் ஆண்டு எண்ணை நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும்.

வெளிமாநிலக் கட்டணத்தைக் குறைக்கவும் சில வழிகள் உண்டு. மேற்கு மாநிலங்களுக்கிடையே உள்ள டபிள்யூயூஈ என்ற கட்டணச் சலுகை ஏற்பாட்டில், பங்கெடுக்கும் பல்கலைக்கழகங்கள் உள்மாநிலக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குவதில்லை. மத்திய மேற்கு மாநிலங்களிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், அதில் எந்த மேஜர் இதற்குள் வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லோரும் கேட்கும் மேஜர்களை இதிலிருந்து விலக்கிவைப்பது உண்டு. ஜார்ஜியாவில் குடியிருப்பவர்களுக்கு லாட்டரிப் பணத்தில் நடக்கும் ஹோப், செல் மில்லர் உதவித்தொகைகள், ஃபுளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ், இவையெல்லாம் சொந்த மாநிலத்தில் படிப்பதற்கான செலவை இன்னும் கீழே இறக்கிவிடும். சொந்த மாநிலத்தில் ஒரு நல்ல இன்ஜினியரிங் கல்லூரி இருந்தால், வெளியே போவதற்கு வலுவான காரணம் வேண்டும் என்பது என் கருத்து. பட்டியலில் பத்து இடம் மேலே இருப்பது அப்படிப்பட்ட காரணம் இல்லை.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கூட ஆலோசகருக்கு இது பெரும்பாலும் தெரியாது. எச்-4இல் (எச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. உள்மாநிலக் கட்டணத்தைப் பல மாநிலங்கள் எச்-4 பிள்ளைகளுக்கும் கொடுக்கின்றன, ஆனால் 21 வயது முடியும்போது எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் வந்து நிற்கும், அதற்குப் பிறகும் உள்மாநிலக் கட்டணம் தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இன்னொன்று, எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. இன்ஜினியரிங் படிப்பில் இன்டர்ன்ஷிப் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்று புரியும். எஃப்-1இல் இருப்பவர்கள் ஓர் ஆண்டு முழு நேரம் படித்த பிறகு படிப்போடு சேர்ந்த வேலைக்கான சிபிடி அனுமதி வழியாக இன்டர்ன்ஷிப் செய்யலாம். எப்போது எஃப்-1க்கு மாறுவது என்பதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, அதற்குப் பிறகு கல்லூரிப் பட்டியலைப் போடுங்கள்.

சரி, பணம் போதும். இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்தது: பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் மேஜரில் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல.

நம் ஊர் முறையில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே மெக்கானிக்கல் என்று சீட் வாங்கினால் முதல் நாளிலிருந்தே மெக்கானிக்கல்தான். இங்கே அப்படி நேராகச் சேர்க்கும் இடங்களும் உண்டு, முதல் ஆண்டு பொதுவாகப் படிக்கவைத்து அதன் பிறகு பிரிக்கும் இடங்களும் உண்டு, இரண்டும் கலந்த இடங்களும் உண்டு. இந்த ஒரு விஷயம் பிள்ளையின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் அளவுக்கு வேறு எதுவும் தீர்மானிக்காது.

இல்லினாயில் விண்ணப்பிக்கும்போதே மேஜரைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கடும் போட்டி. அதில் கிடைக்காமல் வேறு ஒன்றில் சேர்ந்துவிட்டு, அப்புறம் உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். பர்டியூவில் இன்ஜினியரிங் பிள்ளைகள் எல்லோரும் முதல் ஆண்டு இன்ஜினியரிங் என்ற பொதுத் திட்டத்தில் சேர்ந்து, கணிதம், இயற்பியல், வேதியியல், நிரல் எழுதுவது எல்லாம் முடித்து, பிறகு மேஜருக்குப் போகிறார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: பர்டியூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் கல்லூரியில் இல்லை, அறிவியல் கல்லூரியில் இருக்கிறது. முதல் ஆண்டு இன்ஜினியரிங்கில் சேர்ந்தால் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பக்கம் போகலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே வேறு கதவைத் தட்ட வேண்டும். இது தெரியாமல் விண்ணப்பிக்கிறவர்கள் நிறைய.

டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் முதல் ஆண்டு எல்லோருக்கும் பொது இன்ஜினியரிங். ஆண்டு முடிவில் ஈடேம் என்று அவர்கள் சொல்லும் தேர்வுமுறை. ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு மேல் இருந்தால், அண்மை ஆண்டுகளில் அந்தக் கோடு 3.75, முதலில் கேட்ட மேஜரே உறுதி. அதற்குக் கீழே இருந்தால் விருப்பப் பட்டியல், கட்டுரை எல்லாம் கொடுத்து, மிச்சமிருக்கும் இடங்களுக்குப் போட்டி போட வேண்டும். பள்ளியில் எப்போதும் ஏ வாங்கிய பிள்ளைக்குக் கல்லூரிக் கால்குலஸிலும் இயற்பியலிலும் சேர்த்து 3.75 என்பது சின்ன எண் இல்லை. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் இன்ஜினியரிங் அன்டிக்ளேர்ட், அதாவது மேஜர் முடிவாகாத இன்ஜினியரிங், என்று சேர்ப்பார்கள், ஏதோ ஒரு இன்ஜினியரிங் மேஜர் உறுதி, அது நீங்கள் கேட்டதுதானா என்பது உறுதியில்லை.

மிச்சிகன் இந்த விஷயத்தில் தாராளம். இன்ஜினியரிங் கல்லூரிக்குள் வந்துவிட்டால், படிப்பில் ஒழுங்காக இருக்கும்வரை பெரும்பாலும் எந்த மேஜரையும் எடுத்துக்கொள்ளலாம், கம்ப்யூட்டர் சயின்ஸை மட்டும் அண்மையில் தனியாகப் பிரித்துவிட்டார்கள். மெக்கானிக்கலா ஏரோஸ்பேஸா எலெக்ட்ரிக்கலா என்று இன்னும் முடிவுசெய்யாத பிள்ளைக்கு இப்படிப்பட்ட இடம் பெரிய நிம்மதி. எட்டாம் வகுப்பிலிருந்தே கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று இருக்கும் பிள்ளைக்கோ, நேராக மேஜரில் சேர்க்கும் இடம்தான் பாதுகாப்பு.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். யூடி ஆஸ்டினில், வகுப்பில் முதல் சில சதவீதத்துக்குள் வரும் டெக்சஸ் பள்ளி மாணவர்களுக்குச் சட்டப்படி தானாகவே இடம் உண்டு. பல ஆண்டுகள் 6 சதவீதமாக இருந்தது, 2026இல் சேர்பவர்களுக்கு 5 ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் இடம் உறுதி என்று நிம்மதியாக இருப்பார்கள். உறுதியானது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டும்தான், அதற்குள் இருக்கும் காக்ரெல் இன்ஜினியரிங் பள்ளியில் இல்லை. அதற்குத் தனிப் பரிசீலனை.

ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: மேஜர் எப்போது முடிவாகிறது, எந்த ஜிபிஏ இருந்தால் உறுதி, கேட்டது கிடைக்காதவர்கள் கடைசியில் எங்கே போகிறார்கள். மூன்றாவது கேள்வியைக் கல்லூரியில் நேரடியாகவே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இப்போது ரேங்கிங். யூஎஸ் நியூஸ் வெளியிடும் இளநிலை இன்ஜினியரிங் பட்டியல் எப்படிப் போடப்படுகிறது தெரியுமா? இன்ஜினியரிங் கல்லூரிகளின் டீன்களிடமும் மூத்த பேராசிரியர்களிடமும் மற்றக் கல்லூரிகளுக்கு ஐந்துக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பேர் நான்கு ஆண்டில் முடித்தார்கள், என்ன சம்பளம், எதுவும் அதில் கிடையாது. அது ஒரு மதிப்புக் கணக்கு. மதிப்புக்கும் பயன் உண்டு, வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்கள் பேர்பெற்ற இடங்களுக்கு அதிகமாக வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் 8ஆம் இடத்துக்கும் 19ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பிள்ளையின் வகுப்பறையில் தெரியும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, முனைவர் பட்டம் தரும் இடங்களுக்கும் தராத இடங்களுக்கும் தனித்தனிப் பட்டியல். கலிஃபோர்னியாவின் கால் பாலி சான் லூயிஸ் ஓபிஸ்போ இரண்டாவது பட்டியலில் இருப்பதால் நம்மவர்கள் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அங்கே முனைவர் மாணவர்கள் இல்லாததால் இளநிலைப் பிள்ளைகள்தான் மையம், செய்து கற்பதே அதன் கொள்கை, மேற்குக் கரை நிறுவனங்களில் அதற்கு நல்ல பெயர்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே துறைக்குத் துறை பலம் மாறும். ஜார்ஜியா டெக்கின் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், பர்டியூவின் ஏரோஸ்பேஸ், பென் ஸ்டேட்டின் ஆர்கிடெக்சரல் இன்ஜினியரிங் என்று சில துறைகளுக்குத் தனிப்பெயர் உண்டு. நாட்டின் முதல் ஏரோநாட்டிக்கல் படிப்பை 1914இல் தொடங்கியது மிச்சிகன். சுரங்கம், உலோகம், புவி சார்ந்த துறைகளில் ஆர்வம் என்றால் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ், மிசோரி எஸ் அண்ட் டி, மிச்சிகன் டெக் போன்ற சிறிய அரசுப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். பெயர் வீட்டு விசேஷங்களில் எடுபடாமல் போகலாம், அந்தத் துறையில் ஆளெடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏபெட் அங்கீகாரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இன்ஜினியரிங் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அமைப்பு தருவது. அது பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது இல்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. ஒரே கல்லூரியில் சிவிலுக்கு இருந்து, புதிதாகத் தொடங்கிய வேறொன்றுக்கு இல்லாமல் போகலாம். சிவில் படிப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் பிஈ (புரொஃபஷனல் இன்ஜினியர், நம் ஊர் பி.இ. பட்டம் அல்ல) உரிமம் வாங்கும் பாதை ஏபெட் பட்டம், எஃப்ஈ என்ற அடிப்படைத் தேர்வு, நான்கு ஆண்டு அனுபவம், பிஈ தேர்வு என்று போகும், அங்கீகாரம் இல்லாத பட்டம் என்றால் அந்தப் பாதை நீளும், சில மாநிலங்களில் அடைபட்டே போகும். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கலுக்கும் இருப்பது நல்லது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அவ்வளவு கவலைப்பட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற படிப்புகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற எண்களை வெளியில் வைக்க வேண்டும் என்பது விதி, துறையின் பக்கத்தில் அடியில் எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

பட்டம் முடிப்போர் விகிதம் என்று பெரிதாக ஒரு சதவீதம் காட்டினால், அது எத்தனை ஆண்டுக் கணக்கு என்று கேளுங்கள். மத்திய அரசுக் கணக்கில் பொதுவாகச் சொல்லப்படுவது ஆறு ஆண்டு விகிதம். நான்கு ஆண்டு விகிதம் அதைவிடக் குறைவாக இருக்கும், இன்ஜினியரிங்கில் இன்னும் குறையும். கூடுதலாக ஒரு செமஸ்டர் ஆனால் அந்தக் கட்டணம், வாடகை, கிடைக்காமல் போன சம்பளம் எல்லாம் சேரும். தாமதத்துக்கு நல்ல காரணமும் இருக்கலாம், இடையிடையே முழுநேர வேலைக்குப் போகும் கோ-ஆப் செய்தால் ஐந்து ஆண்டு ஆவது சகஜம். அது வேறு, வேண்டிய பாடத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்து தாமதமாவது வேறு. இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

கோ-ஆப் என்பது சில செமஸ்டர் படிப்பு, சில செமஸ்டர் முழுநேர வேலை என்று மாறி மாறிப் போகும் முறை. 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கியது, ஜார்ஜியா டெக்கில் 1912இலிருந்து நடக்கிறது. சின்சினாட்டியில் இன்றைக்கும் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கோ-ஆப் படிப்பின் ஒரு பகுதி. பட்டம் வாங்கும்போதே பல செமஸ்டர் வேலை அனுபவம் கையில் இருக்கும் பிள்ளையை, பட்டியலில் எத்தனையோ இடம் மேலே உள்ள கல்லூரியிலிருந்து அனுபவமே இல்லாமல் வரும் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாரை வேலைக்கு எடுப்பீர்கள்?

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு கால்குலஸ், இயற்பியல் விரிவுரைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சந்தேகம் கேட்பது டிஏ என்னும் பாட உதவியாளர் நடத்தும் சிறு வகுப்பில்தான். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. தானாகப் போய்க் கேட்கும் பிள்ளை அங்கே செழிக்கும், தயங்கும் பிள்ளை திணறும். கேட்க வேண்டிய கேள்வி, இரண்டாம் மூன்றாம் ஆண்டு மேஜர் பாடங்களில் எத்தனை பேர் இருப்பார்கள், ஆய்வகத்தில் கருவியை யார் தொடுகிறார்கள், ஃபார்முலா கார், சோலார் கார் மாதிரியான மாணவர் குழுக்களில் முதல் ஆண்டிலேயே சேர முடியுமா என்பதுதான். வளாகம் பார்க்கப் போகும்போது சுற்றிக்காட்டுபவரை மட்டும் கேட்காமல், பட்டறையில் வேலைசெய்துகொண்டிருக்கும் ஒரு மூன்றாம் ஆண்டுப் பிள்ளையைப் பிடித்து உங்கள் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். அப்பா அம்மா சற்றுத் தள்ளி நில்லுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

எண்களுக்கு மூன்று இடங்கள் போதும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிடும் காமன் டேட்டா செட்டில் பி பகுதியில் பட்டம் முடிப்பவர் விகிதம், சி பகுதியில் சேர்க்கை, எச் பகுதியில் உதவித்தொகை, ஐ பகுதியில் வகுப்பு அளவு. மத்திய கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டில் துறைவாரியாகப் பட்டதாரிகளின் வருமானம் பார்க்கலாம். மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடுவது), 2011இலிருந்து அதை வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். அதில் உங்கள் வருமானத்தைப் போட்டு வரும் தொகை முழுச் சரியாக இருக்காது, ஆனாலும் யாரோ சொன்ன தொகையைவிட எவ்வளவோ மேல். காமன் டேட்டா செட் எண்கள் பல்கலைக்கழகம் முழுவதற்குமானவை என்பதை மறக்க வேண்டாம். இன்ஜினியரிங்கின் சேர்க்கை விகிதம் அதைவிட இறுக்கமாக இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்னும் இறுக்கம்.

முடிவுகள் வந்த பிறகு ஒரு விஷயத்தில் கவனம். சேர்க்கைக் கடிதத்தில் வாழ்த்துகள் என்று பெரிதாக இருக்கும், எந்த மேஜர் என்பது கீழே சின்னதாக இருக்கும். இரண்டாவது விருப்பமாக எழுதியதோ, மேஜரே இல்லாமல் பொதுப் பிரிவோ அதில் இருக்கலாம். வழக்கமாக மே 1க்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் துறையின் ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் பிரிவிலிருந்து நான் கேட்கும் மேஜருக்கு மாற முடியுமா, என்ன நிபந்தனை, போன ஆண்டு எத்தனை பேர் கேட்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பிள்ளையே எழுதிக் கேட்கட்டும். பதில் எழுத்தில் வரட்டும். வழவழ என்று பதில் வந்தால், மாற முடியாது என்றே எடுத்துக்கொண்டு, சேர்ந்த மேஜரிலேயே நான்கு ஆண்டு படிக்கச் சம்மதமா என்று பிள்ளையைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.